கார்டு இல்லாத பூங்கொத்து

அத்தியாயம் பதினான்கு

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் பூக்கடையில் போன் அடித்தது. சின்னவள் ஜெர்பராப் பூக்களின் தண்டுகளை வாளித் தண்ணீருக்குள் பிடித்துச் சாய்வாக நறுக்கிக்கொண்டிருந்தாள். யார் என்று பார்க்க வேண்டியதில்லை. வியாழக்கிழமை எட்டு மணி என்றால் அண்ணன்தான்.

கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"சொல்லுண்ணா."

"கடை திறந்துட்டியா?"

"இப்பதான்."

"அப்பாவுக்கு இன்னைக்கும் பூ அனுப்பிடு. வெள்ளை லில்லி இருக்கா?"

"இருக்கு. கார்டுல என்ன எழுதட்டும்?" பேனாவைக்கூட எடுத்துவிட்டாள்.

"கார்டு வேணாம்" என்றான். "இதுதான் கடைசி. அடுத்த வாரத்திலேர்ந்து கூப்பிட மாட்டேன்."

"ஏண்ணா?"

"பதினோரு வாரம் எழுதிட்டேன். மனுஷன் ஒரு வார்த்தை சொல்லலை. அவருக்கு வேணாம்னா விட்டுடணும். நான்தான் புரியாம தொந்தரவு பண்ணிட்டிருக்கேன்."

சின்னவளின் வாய் திறந்தது. அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். அதைவிட நல்ல நேரம் இனி வராது என்றும் அவளுக்குத் தெரியும். ஆனால் "சரிண்ணா" என்ற வார்த்தைதான் வெளியே வந்தது.

மாஸ்டர் குடும்பத்தின் கதையை வாராவாரம் பின்தொடர்கிறவர்களுக்கு இந்த அண்ணன் ஏன் பூ அனுப்புகிறான் என்று தெரியும். இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மாஸ்டர் என்றால் டிரைவிங் மாஸ்டர். முப்பது வருஷம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தியவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தார்கள். பிள்ளைகள் இரண்டு. பெரியவன் தூரத்து நகரத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கிறான். சின்னவள் உள்ளூரிலேயே கல்யாணமாகி, கடைவீதியில் மருந்துக் கடைக்குப் பக்கத்தில் பூக்கடை வைத்திருக்கிறாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது, ஒரே பகலில் மூன்று முறை மகனுக்குப் போன் போட்டார் மாஸ்டர். அவன் எடுக்கவில்லை. மறுநாள் அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, "இப்ப எதுக்கு வந்தே? போ" என்றார். கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்காமலேயே திரும்பிப் போனான் பெரியவன். அதோடு அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சு நின்றுபோனது.

மூன்று மாதத்துக்கு முன்னால் மாஸ்டருக்கு இதயத்தில் ஆப்பரேஷன் நடந்தது. வீட்டுக்கு வந்த வாரமே பெரியவன் தங்கையின் கடைக்குப் போன் செய்தான். "வாராவாரம் அப்பாவுக்கு ஒரு பூங்கொத்து அனுப்பணும். என் பேர்ல."

அவளுடைய தொழிலே அதுதான். பிள்ளைகள் எல்லாம் வெளியே போய்விட்ட ஊர் அது. போனவர்கள் பிறந்தநாளுக்கும் கல்யாண நாளுக்கும் போனில் பூவுக்குச் சொல்லுவார்கள். அவர்கள் சொல்வதைத் தன் குண்டுக் கையெழுத்தில் கார்டில் எழுதி, ரிப்பனோடு சேர்த்துக் கட்டி, உரிய வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஊரிலுள்ள 'உன் நினைப்பாவே இருக்கேன்' எல்லாம் அவள் கையெழுத்தில்தான் இருந்தன.

முதல் வாரம் அண்ணன் சொன்னதையும் அப்படித்தான் எழுதினாள். 'அப்பா, மன்னிச்சிடுங்க. பெரியவன்.' ஆனால் அப்பா வீட்டுக் கேட்டைத் திறக்கும்போது டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. 'ரெண்டு மாசத்துக்கு மனசை உலுக்குற மாதிரி எதுவும் கூடாது.' கார்டை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு கொடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

அப்பா பூவை வாங்கிப் பார்த்தார். "நீயா கொண்டாந்தே?" என்றார்.

"ஆமாப்பா."

கொண்டுவந்தது அவள்தான். அந்த 'ஆமா'விலும் பொய் இல்லை. ஆனால் அப்பா பூங்கொத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எழுபத்திரண்டு வயசாச்சு. எனக்கு யாரும் பூ கொடுத்ததே இல்ல, குட்டி" என்றார். அவள் திருத்திச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அன்றிலிருந்து பதினோரு கார்டுகள்.

ஒவ்வொரு வியாழக்கிழமை மதியமும் அண்ணன் கேட்பான். "ஏதாவது சொன்னாரா?" அவள், "ஒண்ணும் சொல்லலைண்ணா" என்பாள். வாரத்துக்கு வாரம் அவன் கேள்வி சின்னதாகிக்கொண்டே போய், போன வாரம் வெறும் "என்ன?" என்று மட்டும் கேட்டான்.

---

ஒன்பதரை மணிக்கு அவள் கணவன் வந்தான். ஊரில் அவனைப் பிளம்பர் என்றால்தான் தெரியும். கடையின் பின்பக்கத் தொட்டிக் குழாய் பத்து நாளாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஊர்க் குழாயெல்லாம் சரி பண்ற ஆளுக்கு, பொண்டாட்டி கடைக் குழாய்க்கு இன்னைக்குத்தான் நேரம் கிடைச்சிருக்கு" என்றாள். வழக்கமான கிண்டல்தான். குரல் மட்டும் வழக்கமாக இல்லை.

"நீ முறைப்படி புகார் கொடுக்கலையே" என்றபடி அவன் தொட்டிக்கடியில் குனிந்தான். "ஒரு டேப் சுத்தணும். என் பையில தீர்ந்துபோச்சு. உன் டிராயர்ல இருக்குமே?"

"இருங்க, நான் எடுத்துத் தர்றேன்."

அதற்குள் இழுத்துவிட்டான். ரிப்பன் உருளைகளுக்கு அடியில் ரப்பர் பேண்டு போட்ட கார்டுக் கட்டு கிடந்தது. மேலே இருந்ததைப் படித்தான். அதற்கு அடுத்ததையும் படித்தான். எழுந்து நின்றான்.

"இதெல்லாம் மச்சான் சொன்னதா?"

அவள் தலையசைத்தாள்.

"மாமா படிச்சாரா?"

அவள் ஏற்கெனவே முள் நீக்கி வைத்திருந்த ரோஜாவில் மறுபடியும் முள் தேடிக்கொண்டிருந்தாள்.

"அப்போ மாமா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறாரே, என் பொண்ணு வாராவாரம் பூ கொடுக்குறான்னு. அந்தப் பூ..."

"அண்ணன் அனுப்புனது."

பிளம்பர் ஸ்டூலில் உட்கார்ந்தான். அவன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. போட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"டாக்டர் சொன்னாருன்னுதான் முதல்ல மறைச்சேன்" என்றாள்.

"டாக்டர் ரெண்டு மாசம்னுதானே சொன்னாரு? அது முடிஞ்சு ஒரு மாசம் ஆகுதே."

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். "அப்பா ஊருக்கே கார் ஓட்டக் கத்துக்கொடுத்தாரு. என் கிளாஸ்ல படிச்சவளுங்க எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தாரு தெரியுமா? நான் கேட்டப்ப, உனக்கெதுக்கு, அண்ணன் கூட்டிட்டுப் போவான்னாரு. இப்ப நாலு வாரத்துக்கு முன்னாடி அவரா சொல்றாரு, டாக்டர் சரின்னதும் உனக்குச் சொல்லித்தர்றேன் குட்டி, கடைக்கு ஒரு வண்டி இருந்தா நல்லாருக்கும்னு. நான் எதுவும் கேக்கலை. அவரா சொன்னாரு."

"அதுக்கப்புறம் உனக்குச் சொல்ல மனசு வரலை."

"வரலை."

"மச்சான் இன்னைக்குப் பேசினாரா?"

"இதுதான் கடைசின்னுட்டான். கார்டுகூட வேணாமாம்."

பிளம்பர் கார்டுக் கட்டை அவள் முன்னால் வைத்தான். "நான் வேணா மாமாகிட்டச் சொல்லட்டுமா?"

"வேணாம். நானே சொல்றேன்."

"எப்ப?"

"இன்னைக்கு."

"இன்னைக்குன்னா இன்னைக்குத்தானா, இல்ல போன வாரமும் இதேமாதிரி ஒரு இன்னைக்கு இருந்துச்சா?"

அவள் லில்லிகளை எடுத்தாள். மகரந்தம் சட்டையில் ஒட்டினால் கறை போகாது என்பதால் ஒவ்வொரு பூவிலும் மகரந்தக் காம்பைக் கிள்ளி எடுப்பது அவள் வழக்கம். அன்றைக்கு விரலெல்லாம் மஞ்சளாகிவிட்டது. இரண்டு மொட்டு கையிலேயே ஒடிந்தது. பதினைந்து வருஷத் தொழிலில் அப்படி நடந்ததில்லை.

கிளம்பும்போது மருந்துக் கடை அம்மா படியில் நின்றுகொண்டிருந்தார். பூங்கொத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அப்பாவுக்கா? மாஸ்டர் நேத்து மாத்திரை வாங்க வந்தப்பகூட இதே பேச்சுதான். எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. மாசம் ஒருதரம் போன் பண்றா, அதுவும் அவ ஏதாவது தொலைச்சிருந்தா எங்கே இருக்குன்னு கேக்கறதுக்கு. நீ கொடுத்துவெச்சவ, அவர் கொடுத்துவெச்சவர்."

"வர்றேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சின்னவள் வேகமாக நடந்தாள். நாலு தெரு தாண்ட வேண்டும். வழியில் மூன்று பேர் பூவைப் பார்த்துச் சிரித்தார்கள். மூன்று பேரும் அப்பாவிடம் வண்டி ஓட்டக் கற்றவர்கள்.

---

மாஸ்டர் சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டு, கேட்டருகில் நின்றுகொண்டிருந்தார். வியாழக்கிழமை என்றால் இப்போதெல்லாம் இப்படித்தான்.

"இன்னைக்கு வெள்ளையா? உள்ள வா. ஜாடியைக் கழுவி வெச்சிருக்கேன். போன வாரத்துப் பூ நேத்து வரைக்கும் தாங்குச்சு தெரியுமா? நீ சொன்ன மாதிரி தினமும் தண்ணி மாத்தினேன்."

"அப்பா, உக்காருங்க."

"உனக்கு டீ போடட்டுமா?"

"வேணாம்ப்பா. உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

அவர் உட்கார்ந்தார். அவள் எதிரே நின்றாள். உட்காரத் தோன்றவில்லை.

"இந்தப் பூவை நான் அனுப்பலைப்பா."

"பின்னே?"

"அண்ணன் அனுப்பினான்."

மாஸ்டருக்கு உடனே விளங்கவில்லை. "இன்னைக்கு அவன் அனுப்பினானா?"

"முதல் வாரத்திலேர்ந்து. எல்லாமே அவன்தான். நான் கட்டிக் கொண்டாந்தேன், அவ்வளவுதான். ஒவ்வொண்ணுக்கும் அவன் சொல்லி நான் எழுதின கார்டு இருக்கு. நான் எடுத்து வெச்சுக்கிட்டேன்."

பையிலிருந்த கார்டுக் கட்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள். மாஸ்டர் ரப்பர் பேண்டைக் கழற்றினார். மூக்குக் கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தது. அதை எடுக்காமல் கட்டை அவளிடமே திருப்பி நீட்டினார்.

"படி."

"அப்பா..."

"உன் கையெழுத்துதானே. நீயே படி."

அவள் படித்தாள். முதலாவது ஒரே வரி. இரண்டாவது: 'ஆப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு கேள்விப்பட்டேன். கொஞ்ச நாளைக்கு மாடிப்படி ஏறாதீங்க.' மூன்றாவது: 'நீங்க சொல்லித்தந்த மாதிரிதான் இன்னும் ஓட்டுறேன். என்கூட வர்றவங்க கிண்டல் பண்றாங்க, இவ்வளவு மெதுவா திரும்புறியேன்னு.'

மாஸ்டரின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம்.

ஏழாவது கார்டு நீளமானது. பின்பக்கமும் எழுதியிருந்தாள். "'அம்மா விஷயத்துல நீங்க மூணு தடவை கூப்பிட்டீங்க. நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் எடுக்கலை. வழக்கம்போல ஏதாவது திட்டுவீங்கன்னு நினைச்சேன். அப்புறம் பேசிக்கலாம்னு விட்டேன். எனக்குச் சொல்லிக்க வேற காரணம் இல்லப்பா.'"

"நிறுத்து" என்றார் மாஸ்டர்.

நிறுத்தினாள். வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போயிற்று.

"அதை இன்னொரு தடவை படி."

படித்தாள். மீதியையும் படித்தாள். பதினோராவதில் இப்படி இருந்தது: 'ஒரு வார்த்தை சொன்னாப் போதும். திட்டினாலும் சரி.'

மாஸ்டரின் கை தானாக நெஞ்சுக்குப் போனதும் அவள் பதறிக் குனிந்தாள்.

"வலிக்குதாப்பா?"

"இல்ல. சும்மா இரு." கையை எடுத்துக்கொண்டார். "ஒவ்வொரு வாரமும் அவன் உன்கிட்டக் கேட்டிருப்பானே?"

"கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"நீங்க ஒண்ணும் சொல்லலைன்னு சொன்னேன்."

"அவன் கண்ணுக்கு நான் கல்லாயிட்டேனே, குட்டி."

அவள் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். "முதல்ல டாக்டர் சொன்னதாலதான்ப்பா. அப்புறம்... நீங்க சந்தோஷப்பட்டீங்க. என்னைப் பார்க்கறதுக்காகக் கேட்டுல வந்து நின்னீங்க. இதுக்கு முன்னாடி எனக்காக நீங்க நின்னதே இல்ல. அதை விட முடியலை. திருட்டுத்தான். எனக்கு வண்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம். என்னைத் திட்டிடுங்க."

மாஸ்டர் திட்டவில்லை. அவள் தலையைத் தொடவும் இல்லை. "போன் போடு" என்றார்.

பெரியவன் இரண்டாவது மணியிலேயே எடுத்தான். "கொடுத்துட்டியா?"

"அண்ணா, ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளு. குறுக்க பேசாதே. உன் கார்டு எதையும் அப்பாகிட்ட நான் கொடுக்கலை. பூ நான் கொடுத்ததா நினைச்சுக்கிட்டாரு. நானும் விட்டுட்டேன். அவருக்கு எதுவுமே தெரியாது. இப்பதான் எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன்."

"எல்லாக் கார்டுமா?" என்றான் அவன்.

"எல்லாம்."

"வியாழக்கிழமையானா சாப்பாட்டு நேரத்துல ஆபீஸ் மொட்டை மாடிக்குப் போயிடுவேன், நீ சொல்றதை யாரும் கேட்டுடக் கூடாதுன்னு. அவர் ஏதாவது சொல்லி நான் அழுதுட்டா என்ன பண்றதுன்னு." அவன் குரலில் கோபம் இன்னும் வந்து சேரவில்லை. "நீயா இப்படி?"

"நான்தான்."

"அப்பாகிட்டக் கொடு."

மாஸ்டர் போனை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

சின்னவள் சமையலறையில் நின்றாள். என்ன செய்வதென்று தெரியாமல் ஜாடியில் தண்ணீர் பிடித்து லில்லிகளை வைத்தாள். தண்ணீருக்குள் அமிழும் இலைகளைக் கிள்ளி எறிந்தாள். கதவுக்குப் பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. முதலில் தயங்கித் தயங்கி வந்தது. பிறகு வெகுநேரம் அவன் பேசியிருக்க வேண்டும், இவர் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தார். பிறகு அப்பா சிரித்தார். நாலு வருஷமாக அவள் கேட்காத சிரிப்பு அது. அந்தச் சிரிப்பைப் பதினோரு வாரம் டிராயருக்குள் போட்டுப் பூட்டி வைத்திருந்தது தான்தான் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அதன் பிறகு குரல் உயர்ந்தது. அப்பாவின் குரல்தான். "இல்ல. அது முடியாது" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது.

மாஸ்டர் வெளியே வந்தார். போனை மேஜைமேல் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன்னான்."

"அப்பா..." அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நீ இருக்கக் கூடாதுன்னான்."

"சரிப்பா. நான் வரலை. சனிக்கிழமையே சமைச்சு வெச்சுட்டுப் போயிடறேன். அவன் வந்தாப் போதும்."

"நான் ஒத்துக்கலை. 'இது அவ வீடும்தான், அவ இருப்பா'ன்னு சொன்னேன். அப்படின்னா நான் வரலைன்னு போனை வெச்சுட்டான்."

"ஏம்ப்பா? ஏன் அப்படிச் சொன்னீங்க? திரும்பக் கூப்பிடுங்க. இப்பவே. நான் வர மாட்டேன்னு சொல்லுங்க."

"கூப்பிட மாட்டேன்."

"என்னாலதானேப்பா எல்லாம். நான் பண்ணதுக்கு நீங்க ஏன் மறுபடி அவனை இழக்கணும்?"

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். களைத்துப்போயிருந்தார். ஆனால் குரல் பழைய வகுப்புக் குரலாகவே இருந்தது, ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி இந்த வாசல்ல நின்னு ஒரு பிள்ளையைப் போன்னு சொன்னேன். எனக்கு அது போதும். இன்னொரு தடவை என் வாயால அதைச் சொல்ல மாட்டேன். நீ பண்ணது தப்பு. ரொம்பப் பெரிய தப்பு. எனக்கு ஆறாது, கொஞ்ச நாளைக்கு. ஆனா ஞாயித்துக்கிழமை நீ இங்க இருக்கணும்."

"அவன் வரலைன்னா?"

மாஸ்டர் கார்டுகளை முதலிலிருந்து வரிசைப்படுத்த ஆரம்பித்தார். இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டிருந்தார்.

---

அவள் கடைக்குத் திரும்பியபோது பிளம்பர் குழாயைச் சரிசெய்துவிட்டு, கல்யாண நாளுக்குப் பூ வாங்க வந்த ஒருவரிடம் சாமந்தியையும் ஜெர்பராவையும் மாற்றிச் சொல்லி மாட்டிக்கொண்டிருந்தான். அவள் வந்து கட்டிக் கொடுத்து அனுப்பினாள். அந்த ஆள் படியிறங்கியதும் நடந்ததைச் சொன்னாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

"மாமா அப்படியா சொன்னாரு?" என்றான்.

"அவரு திட்டியிருந்தாத் தேவலை."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துப் பாரு. மச்சானுக்குக் கோபம் தணியலாம்."

"தணியாது. என் அண்ணனை எனக்குத் தெரியும். நாள் ஆக ஆக இறுகிடுவான். அப்பா மாதிரியே." அவள் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸுக்கு நான் கிளம்புறேன். நாளைக்கு மூணு வீட்டுக்குப் பூ போகணும். விலாசம் எழுதி வெச்சிருக்கேன். நீங்க கொண்டுபோய்க் கொடுத்துடுங்க. கார்டு ஒட்டியிருக்கான்னு பார்த்துக் கொடுங்க."

"எங்க போறே? மச்சான் வீட்டுக்கா?"

"ஆமா."

"உன்னைப் பார்த்தா அவரு கதவைத் திறப்பாரா?"

"தெரியலை."

"நானும் வரட்டுமா?"

"வேணாங்க" என்றாள் சின்னவள். "கார்டை ஒளிச்சு வெச்சப்ப நான் யாரையும் துணைக்குக் கூப்பிடலையே."